மகனின் தலையும் நான் விட்ட கத்தரிக்காயும்

என் மகனுக்கு மண்டைக்குள் மூளை இருக்கிறது என்பதை நோர்வே ஆஸ்பத்திரி படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் நான் நம்பினேன். அதுவரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மூளை உள்ளவன், காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு, வழுக்குகிற ஐஸில், தன்னைவிடப் பெரிய ஆட்களோடு போய் மோதுவானா? அதையே தொழிலாக்கிப் பதினான்கு வருடம் சம்பளம் வாங்குவானா?

இப்போது படத்தைப் பார்த்துவிட்டேன். மூளை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கக்கூடாத ஒன்றும் இருந்தது. வீட்டில் 'எனக்கு ஒண்டுமில்லை' என்று சொல்லிக்கொண்டு திரைச்சீலையை மூடிவிட்டுப் படுக்கிற பிள்ளை உள்ளவர்கள் இதைக் கேட்கவேண்டும். அப்படிப் படுத்தவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற தாய் கட்டாயம் கேட்கவேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவள். பள்ளிக்கூடமும் அழவில்லை, நானும் அழவில்லை. நான் சொல்லச் சொல்ல, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிற என் மருமகள் வத்சலா ஒழுங்கான தமிழில் எழுதுகிறாள். தன்னைப் பற்றி வருகிற இடங்களை வெட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மகன் பெயர் குகன். மூன்று வயதில் என் இடுப்பில் இருந்துகொண்டு ஒஸ்லோவுக்கு வந்தவன். ரொம்சோஸில் நாங்கள் இருந்த மாடிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஐஸ் மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். யாரோ போட்டுக் கழித்த சறுக்குச் சப்பாத்தை இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐஸ் ஹொக்கி என்று ஒரு விளையாட்டு. அன்று ஏறினவன் இறங்கவில்லை. கோயிலில் சனங்கள் கேட்பார்கள்: "என்ன இது, எங்கடை பெடியன்கள் டொக்டர், இஞ்சினியர் எண்டு படிக்க, உங்கடை மகன் தடியோடை திரியிறான்?" நான் சொல்லுவேன்: "எல்லாரும் டொக்டருக்குப் படிச்சால் வருத்தக்காரருக்கு, நோயாளியளுக்கு எங்கை போறது? அதுக்குத்தான் ஒருத்தனை வளக்கிறன்."

வாய் விட்டுச் சொன்ன பகிடி. பலித்துவிட்டது.

பத்தொன்பது வயதில் பெரிய ஆட்களின் அணியில் சேர்ந்தான். எதிராளி வருகிற வழியை மறிக்கிற வேலை. மறிக்கிறதென்றால் வாயால் மறிக்கிறதில்லை. உடம்பால் போய் இடிக்கிறது; அவர்களும் இடிப்பார்கள். நோர்வேயில் பல வருடம், சுவீடனில் இரண்டு வருடம். முப்பத்து மூன்றில் முழங்கால் போய்விட்டது. பிறகு சிறுவர்களுக்குப் பயிற்சியாளர், பிறகு ஒரு பெரிய அணியில் உதவிப் பயிற்சியாளர். போன கோடையில் அந்த அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல என் வீட்டு மாடிப்படி முழுவதையும் ஓடி ஏறி வந்தான். லிஃப்ட் வேலை செய்தது. ஆனாலும் ஓடி வந்தான்.

பயிற்சியாளர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறவர் என்று நினைத்திருந்தேன். போட்டி நாளில்தான் அப்படி. மற்ற நாளெல்லாம் அவனும் ஐஸில்தான். சறுக்கிக் காட்டவேண்டும், இடித்துக் காட்டவேண்டும்.

நவம்பரில் ஒருநாள் பத்து மணிபோல என் வீட்டுக்கு வந்தான். தன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு.

"அம்மா, கொஞ்ச நேரம் படுக்கிறன். திரையை மூடிவிடுங்கோ."

அந்தச் சொல் எனக்குப் பழக்கம்.

"எங்கை அடிபட்டது?"

"ஒண்டுமில்லை. பயிற்சியிலை காலுக்குள்ளை ஒருத்தன் வந்திட்டான். பிடரியாலை விழுந்தனான். வத்சலாவுக்குச் சொல்லாதேங்கோ. அவள் டொக்டரிட்டைக் கொண்டுபோயிடுவாள்."

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதுதான் இந்தக் கதையின் வெட்கம்.

டிசம்பர் முழுக்கத் தலையிடி. வத்சலா கண்ணாடி மாற்றவேண்டும் என்றாள். கிறிஸ்மஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது கரண்டி அவன் வலது கையிலிருந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். திரும்ப விழுந்தது. டிவியை நிறுத்துவதற்கு "அந்தத் திறப்பை எடு" என்று பேத்தி நிலாவிடம் கேட்டான். ரிமோட் என்ற சொல் அவனுக்கு வரவில்லை. அவள் கார்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். என் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

ஜனவரியில் ஒரு காலை அவனுக்குச் சப்பாத்துப் போட முடியவில்லை. அவன் சொன்ன இடத்துக்கு வலது கால் போகவில்லை. வத்சலா காரில் ஏற்றி அவசர வைத்தியத்துக்குக் கொண்டுபோனாள். என்னையும் வழியில் ஏற்றினாள்.

காத்திருக்கிற இடத்தில் ஒரு கதிரையில் நான், ஒரு கதிரையில் அவன், நடுவில் வத்சலா. முப்பது வருடம் ஒஸ்லோவில் நிலம் துடைத்தவள் நான். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் மூலையைத்தான் பார்ப்பேன். அன்றும் மூளையைக் காட்ட வந்த இடத்தில் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்புரவாக இருந்தது. குறை கண்டுபிடித்தால் கொஞ்ச நேரம் போயிருக்கும்.

உள்ளே ஒரு தாதி கேட்டாள், அண்மையில் விழுந்தாரா என்று. குகன் இல்லை என்றான். வத்சலா தெரிந்த உண்மையைச் சொன்னாள், இல்லை என்று. அந்த அளவு நோர்வே மொழி எனக்கும் விளங்கும். நான் என் கைப்பையின் ஸிப்பைத் திறந்தேன், பூட்டினேன்.

பிறகு சி.டி. படம். அது ஒரு பெரிய வடை மாதிரி மெசின். ஓட்டைக்குள் ஆளைத் தள்ளி எடுப்பார்கள். நோகாது. படத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர்கள் நடந்து வந்திருக்கலாம் என்று தோன்றியது.

டொக்டர் சொன்னதை வத்சலா எனக்குத் தமிழில் சொன்னாள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் சவ்வு இருக்கிறதாம், வெங்காயத் தோல் மாதிரி. அடிபடும்போது அதற்குள் ஒரு சின்ன இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கசியும். சொட்டுச் சொட்டாக, கிழமைக் கணக்காக. ஆளுக்குத் தெரியாது. அது சேர்ந்து சேர்ந்து மூளையை ஒரு பக்கமாகத் தள்ளும். மூளையின் இடது பக்கத்தைத் தள்ளினால் வலது கை, கால் விழும், சொற்களும் தொலையும். மண்டையில் இரண்டு துளை போட்டுப் பழைய இரத்தத்தைக் கழுவி எடுக்கவேண்டும். இன்றைக்கே.

"எவ்வளவு நாளா இருக்கும் எண்டு கேட்டனான் மாமி," என்றாள் வத்சலா. "ஆறு, ஏழு கிழமை இருக்குமாம். நான் பக்கத்திலை படுத்திருக்கிறன், எனக்குத் தெரியேல்லை."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் தோளுக்குத் தெரிந்திருந்தது. அது பேசாமல் இருந்தது.

ஒப்பிறேசன் இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. வெளியே வரும்போது அவன் தலையில் பாதி மழித்திருந்தது. துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய், அதன் நுனியில் ஒரு பை. பைக்குள் இறங்கியது இரத்தம் போலவே இல்லை. பழைய கார் எண்ணெய் மாதிரி இருந்தது. இரண்டு நாள் தலையணை இல்லாமல் சமனாகப் படுக்கவேண்டும் என்றார்கள். இருபது வருடம் ஒரு இடத்தில் நில்லாதவனை இரண்டு நாள் பலகை போலக் கிடத்தினார்கள்.

இங்கே படுக்கைக்கும் ஒப்பிறேசனுக்கும் காசில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் அதற்கெல்லாம் சேர்த்து வாங்கிவிடுவார்கள். அதனால் வத்சலா வேலை முடிந்து பஸ்ஸில் வருவாள், போத்தலில் ரசத்தோடு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு எல்லாம் வெள்ளை நிறம் அல்லது மண்ணிறம். அவனுக்குக் கொத்தமல்லி வாசம் பிடித்தால் கண் திறக்கும். பத்து வயது நிலா வந்து அவன் கால்மாட்டில் இருந்து பாதத்தைத் தேய்ப்பாள். வலது பாதத்தை மட்டும்தான் தேய்ப்பாள். "மற்றது சோம்பேறி இல்லை, அப்பம்மா. அது தானா நடக்கும்," என்றாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அம்மா, அப்பா வேலையாலை வந்திட்டாரோ?"

அவன் அப்பா இறந்து ஐந்து வருடம். சாம்பலை இவன்தான் கொண்டுபோய்க் கரைத்தவன்.

"பஸ் பிந்திப்போச்சாம்," என்றேன்.

"சரி." திரும்பக் கண்ணை மூடினான்.

எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். அன்றைக்கு அது சோறு மாதிரி இறங்கவில்லை.

தாதியிடம் எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். ஒப்பிறேசனுக்குப் பிறகு குழப்பம் வரும், தெளியும் என்றாள். தெளிந்ததும் உண்மைதான். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நாலாம் நாள் எழுந்து நடந்தான். ஐந்தாம் நாள் முதல் வேலையாக வத்சலாவிடம் கைத்தொலைபேசி கேட்டான். மார்ச்சில் அணிக்கு முக்கியமான போட்டிகள் தொடங்குகின்றன. அதற்கு முன் ஐஸில் நிற்கவேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆவேசம். டொக்டர் சம்மதக் கடிதம் கொடுத்தால்தான் அணி ஐஸில் ஏறவிடும். கடிதம் இல்லையென்றால் அந்த வேலை இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து அவனுக்கு வேறு வேலையும் தெரியாது.

ஆறாம் நாள் சொற்பரீட்சை வைத்தார்கள். பதினைந்து சொல் வாசிப்பார்கள், அரைமணி கழித்துத் திரும்பச் சொல்லவேண்டும். ஏழாம் நாள் எங்கள் எல்லோரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். ஓர் உயரமான பெண் டொக்டர். பேர்கன் என்ற ஊர்க்காரி, அதனால் வேகமாகக் கதைப்பாள் என்று வத்சலா எச்சரித்திருந்தாள். எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பிள்ளை.

"வணக்கம் பாட்டி."

"நான் உம்மடை பாட்டி இல்லைப் பிள்ளை. அம்மா எண்டு சொல்லும், வயது குறையும்."

"சரிங்கம்மா. நீங்க பேசுறதுல பாதிதான் எனக்குப் புரியுது. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"எனக்கும் நீர் கதைக்கிறது பாதிதான் விளங்குது. ரெண்டு பாதியையும் ஒட்டினால் ஒரு முழுசு வரும்."

அவள் சிரித்துவிட்டு, தன் வேலையின் விதியைச் சொன்னாள். "இந்த ரூம்ல யார் என்ன பேசினாலும் நான் மத்தவங்களுக்கு அப்படியே சொல்லிடுவேன். எதையும் விடமாட்டேன், எதையும் சேர்க்கமாட்டேன்." அதை நோர்வே மொழியிலும் சொன்னாள். குகன் காது கொடுக்கவில்லை. அவன் டொக்டரின் கையிலிருந்த கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டொக்டர் சொன்னாள், சொற்பரீட்சையில் பதினைந்தில் நாலுதான் வந்திருக்கிறது. அதற்கு இந்த இரத்தக்கட்டு மட்டும் காரணமா, பழைய அடிகளும் காரணமா என்று அறியவேண்டும். மூளை அதிர்ச்சி என்று ஒன்று இருக்கிறது. மண்டை குலுங்கும்போது மூளை உள்ளே போய்ச் சுவரில் அடிபடும், படத்தில் தெரியாது. ஒன்றிரண்டு என்றால் ஆறிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் ஆறாமல் சேரும். வருடங்கள் போனபிறகு மறதியாக, கோபமாக, மனதில் இருட்டாக வரும்.

"அணியின் கடதாசிகளில் இரண்டு தரம் என்று இருக்கிறது. இரண்டுதான் என்றால், மூன்று மாதத்துக்குப் பிறகு தலைக்கவசத்தோடு ஐஸில் நிற்க நான் சம்மதம் தரலாம். கூட என்றால் தரமுடியாது. இனி ஒரு முறையும் விழக்கூடாது. எனக்கு உண்மையான தொகை வேண்டும்."

"இரண்டு," என்றான் குகன்.

டொக்டர் இன்னொரு கடதாசியை எடுத்தாள். ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது விளையாட்டுக்காரர்களுக்கு மூளைப் பரீட்சை வைத்து எழுதி வைப்பார்களாம், பின்பு அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க. குகன் சுகமாக இருந்த காலத்திலேயே அதில் குறைந்த புள்ளிதான் எடுத்திருக்கிறான். "வேண்டுமென்று பிழையாகச் செய்தீர்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் செய்யிறதுதான்," என்றான். சுகமாக இருக்கும்போது மொக்கன் மாதிரி எழுதினால், அடிபட்ட பிறகு எழுதுவதும் அதே அளவுக்கு வரும். 'மாற்றமில்லை, விளையாடலாம்' என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை பரீட்சையில் வேண்டுமென்று கோட்டை விட்டதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?"

குகன் என்னைப் பார்க்காமலே தமிழில் சொன்னான், மெல்லமாக.

"அம்மா, வாயைத் திறக்காதேங்கோ."

அந்தச் சென்னைப் பிள்ளை, கடமை தவறாத பிள்ளை, அதையும் அப்படியே நோர்வே மொழியில் சொல்லிவிட்டாள்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தாள். வத்சலா அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய ஆபத்து வந்தால் முருகனுக்கு ஒரு சாப்பாட்டை விடுவோம். விட்டால் விட்டதுதான், சாகும்வரைக்கும் தொடமாட்டோம். ஏன் விட்டோம் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் பலன் போய்விடும் என்று என் தாய் சொன்னவள். குகனுக்குத் தலையில் அடிபட்ட ஒவ்வொரு முறையும் நான் ஒன்றை விட்டேன். கலியாணத்துக்கு முன் அவன் என்னோடு இருந்தான். பிறகும் அடிபட்டால் என்னிடம்தான் வருவான். நான் திரைச்சீலையை மூடுவேன், கேட்கிறவர்களுக்குத் தடிமன், சளி என்பேன். எழுதி வைக்க எனக்குப் படிப்பில்லை. வாயில்தான் எழுதி வைத்திருந்தேன்.

"கத்தரிக்காய்," என்றேன்.

மொழிபெயர்ப்புப் பிள்ளை தடுமாறினாள். "கத்தரிக்காயாம்மா?"

"ஓம், கத்தரிக்காய். சொல்லும் பிள்ளை. பத்தொன்பது வயதிலை, முதல் வருசம். ஐஸைச் சுத்தியிருக்கிற பலகையோடை வைச்சு இடிச்சாங்கள். வரேக்கை ரெயிலுக்குள்ளை வாந்தி எடுத்தவன். அண்டைக்குக் கத்தரிக்காயை விட்டனான். பிறகு நெத்தலிக் கருவாடு. அது வடக்கை எங்கையோ போய் விளையாடினது. விடிய வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கப் பாத்தவன்."

"அம்மா!"

அம்மா என்று கூப்பிடுகிறார் என்று அதையும் நோர்வே மொழியில் சொன்னாள்.

"மூண்டாவது பலாப்பழம். அதிலை நான் கள்ளம் செய்தனான். ஒஸ்லோவிலை பலாப்பழம் எங்கை கிடக்கு? விட்டாலும் நட்டமில்லை எண்டு விட்டனான். முருகனுக்கு அது தெரியும்போலை. அதே வருசம் திரும்ப அடிபட்டது. பயத்திலை பால் தேத்தண்ணியை விட்டனான்."

அடுத்த இரண்டு தரத்துக்கு முருங்கைக்காய், கணவாய் மீன். சுவீடனிலிருந்து தொலைபேசியில் இரண்டு தரம் நாக்குக் குழறினதற்கு மாம்பழமும் தோசையும். டொக்டர் ஒவ்வொன்றாக எழுதினாள். எந்த ஆண்டு, எந்த இடம், எவ்வளவு நாள் படுத்தான் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். சிரிக்கவில்லை. எனக்கு அவள் சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"இதோடு எட்டு. ஒன்பதாவது இருக்கிறதா?" என்றாள்.

"அது இந்த நவம்பர். பிடரியாலை விழுந்தவன். என்ரை வீட்டிலை வந்து படுத்தவன். எனக்குத் தெரியும். ஏழு கிழமையா எனக்குத் தெரியும். அண்டைக்கு இரவுச் சோத்தை விட்டனான்."

வத்சலா கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"மாமி... அப்ப என்ரை கத்தரிக்காய்க் கறி? பன்னிரண்டு வருசம் தட்டிலை ஓரமாத் தள்ளி வைப்பியள். உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு அடுப்படிக்குள்ளை நிண்டு அழுதிருக்கிறன்."

"உன்ரை கறியிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. வாசத்திலையே தெரியும். உப்புத்தான் கொஞ்சம் கூட."

அவள் சிரிக்கவில்லை. "நவம்பரிலை சொல்லியிருக்கலாம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இதை எழுதும்போதும் இந்த இடத்தில் அவள் பேனை நின்றது. நான் எழுது என்றேன்.

நான் டொக்டரைக் கேட்டேன்: "முதலாவது தரமே நான் சொல்லியிருந்தால், இவன் இப்பிடி வந்திருக்க மாட்டானோ?"

"அதற்குப் பதில் என்னிடம் இல்லை," என்றாள்.

நோர்வேக்காரருக்குப் பொய் சொல்ல வராது. ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம்.

சம்மதக் கடிதம் இல்லை என்று அந்த அறையிலேயே சொல்லிவிட்டாள். இனி ஐஸில் கால் வைக்கக்கூடாது; பயிற்சிக்கும் இல்லை, விளையாட்டுக்கும் இல்லை. நடைபாதை நீளத்துக்கும் குகன் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். தன் அறை வாசலில் நின்று என்னிடம் கேட்டான்:

"இப்ப உங்களுக்குச் சந்தோசமோ?"

பிறகு நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவனை மேல்மாடிக்கு மாற்றினார்கள். கை, கால், சொல் எல்லாவற்றையும் திரும்பப் பழக்குகிற பகுதி. நான் தினமும் ரெயில் ஏறி வருவேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். நான் அவன் முதுகோடு கதைப்பேன். பகிடி விடுவேன். முதுகுக்குப் பகிடி விளங்காது. பின்னேரம் வத்சலா வந்தால் எனக்கும் ஒரு கோப்பை ரசம் ஊற்றித் தருவாள், ஒரு சொல்லும் பேசாமல். அவள் ஊற்றிய அந்தக் கோப்பையை விடப் பெரிய மரியாதை எனக்கு ஒருவரும் செய்ததில்லை. பேசாத கோபத்தோடும் சூடாக ஊற்றினாள்.

ஐந்தாம் நாள் அணியின் மேலாளர் வந்தார். நல்ல மனிதர், சப்பாத்துப் பனியை வாசலிலேயே தட்டிவிட்டு வந்தார். பூ கொண்டுவந்தார், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படமும் கொண்டுவந்தார். கால்மணிநேரம் மெல்லிய குரலில் கதைத்தார். போகும்போது குகனின் தோளைத் தொடப் பார்த்து, தலைக் கட்டைக் கண்டு கையை எடுத்துவிட்டார். என்ன சொன்னார் என்று வத்சலா பிறகு சொன்னாள்: உதவிப் பயிற்சியாளர் பொறுப்பெடுக்கிறார். இந்தப் பருவம் முடியச் சம்பளம் வரும். அதற்குப் பிறகு வராது.

அவளும் வீட்டுக்குப் போய்விட்டாள். அவனை யன்னலோரச் சாப்பாட்டு மேசையில் இருத்தியிருந்தார்கள். நானும் எதிரே இருந்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். படத்தில் அவன்தான், தடியை உயர்த்தி, வாயைத் திறந்து கத்திக்கொண்டு, மேலே மூன்று பேர் விழுந்து கட்டிப் பிடித்தபடி.

"அம்மா."

முதுகு இல்லை, முகம்.

"இது எந்தக் கோல்? பின்னாலை எழுதியிருக்கு, இறுதிப் போட்டியிலை கடைசி நிமிசத்துக் கோலாம். நான் போட்டதாம். எனக்கு ஒண்டும் வரேல்லை. விழுந்ததெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கெல்லே. இதைச் சொல்லுங்கோ."

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாது. அவன் விளையாடின நாளெல்லாம் நான் சாமியறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பேன். விளையாட்டு முடிந்ததும் அவன் அப்பா கதவில் தட்டி "முழுசா இருக்கிறான்" என்பார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வென்றானா தோற்றானா என்று கேட்டதில்லை. அவன் போட்ட ஒரு கோலை நான் கண்டதில்லை.

"ஓ, இதுவோ! எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு," என்றேன். "எல்லாரும் ஓடி வந்தாங்கள். நீ நடுவாலை பாஞ்சாய். ஒரே எழும்பு. தலையாலை ஒரு இடி. உள்ளுக்கை போச்சுது."

அவன் என்னைப் பார்த்தான்.

"தலையாலையோ?"

"ஓம். உனக்கு வேறை எதாலை இடிக்கத் தெரியும்?"

அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பு. தையல் இழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அம்மா, அது கால்பந்து. ஐஸ் ஹொக்கியிலை தலையாலை அடிச்சால் கோல் குடுக்க மாட்டாங்கள்."

"ஏன் குடுக்க மாட்டாங்கள்? உள்ளுக்கை போனால் போனதுதானே. நடுவர் கள்ளனோ?"

"இருபது வருசம்... உங்களுக்கு விளையாட்டே தெரியாதோ?"

"உன்ரை மண்டையைப் பாக்கவே நேரம் சரியாயிருந்தது. விளையாட்டைப் பாக்க எங்கை நேரம்?"

அவன் சிரிப்பு நின்றது. பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"இஞ்சை பாருங்கோ. இதுதான் ஐஸ்." வலது கையை இடது கையால் பிடித்து உதவிக்கொண்டு, தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். இரண்டு நுனியிலும் இரண்டு கோப்பை, அவை கோல். பால் டப்பாக்கள் எதிராளிகள். மிளகுப் பைக்கற்றுகள் தன் ஆட்கள். ஒரு மாத்திரைப் போத்தல் மூடி, பந்துக்குப் பதிலாக அவர்கள் தடியால் தள்ளுகிற கறுப்பு றப்பர் வட்டு. எங்கே ஒரு கோடு இருக்கிறது, வட்டுக்கு முன்னால் ஏன் ஓர் ஆள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, ஐந்து பேரும் எப்போது மாறவேண்டும் என்று சொன்னான். நான் மொக்குக் கேள்வி கேட்டேன். அவன் கோபித்தான். "இல்லை அம்மா, திரும்பப் பாருங்கோ," என்று எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து மறுபடி தொடங்கினான். அவனுடைய ஆட்களிடம் அவன் இப்படித்தான் கதைத்திருப்பான் என்று நினைத்தேன். நல்ல பயிற்சியாளர். எனக்குக்கூட விளங்கியது.

கடைசியாக ஒரு சீனிப் பைக்கற்றை எடுத்துக் கோப்பைக்கு முன்னால், கொஞ்சம் இடப் பக்கமாக வைத்தான்.

"இது நான். பதினாலு வருசமும் இந்த இடத்திலைதான் நிண்டனான். இந்த இடத்திலை நிக்கிறவனுக்குப் பேர்..."

வாய் திறந்தபடி நின்றது. தமிழிலும் வரவில்லை. நோர்வே மொழியில் தேடினான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சீனிப் பைக்கற்றைப் பார்த்தான். யன்னலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

தெரிந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன். எனக்குத் தெரியாது.

மேசை கொஞ்சம் சாய்வு. சீனிப் பைக்கற் மெல்ல நழுவியது. அது அந்த இடத்தை விட்டுப் போகாமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவனுக்குச் சொல் வரும்வரைக்கும் நான் பேசாமல் இருந்தேன்.